விடுதி அறையில் ஒரு கடல்: பேரனின் தொட்டியும் என் அலமாரியும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

என் பெரிய பேரன் சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். ஹாஸ்டல் வாசம். போன தீபாவளிக்கு வந்தவன், "ஆயா, பன்னிரண்டாயிரம் குடேன். ரூம்ல கடல் மீன் தொட்டி வைக்கப் போறேன்" என்றான். "படிக்கப் போனியா, மீன் வளர்க்கப் போனியா?" என்று என் மகள் சத்தம் போட்டாள். நான்தான் பென்ஷனிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். 36 வருடம் அறிவியல் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒரு பையன் தானாக ஒரு சோதனை செய்கிறேன் என்று வந்து நின்றால், கை தானாகப் பர்ஸுக்குப் போய்விடுகிறது.

இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் ரயில் ஏறி, வில்லிவாக்கத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து இருவரும் கொளத்தூர் போனோம். கலர் மீன் என்றாலே கொளத்தூர்தானே. கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் என்று தெருவெல்லாம் தொட்டிகள். அவை நன்னீர் மீன்கள். கடல் மீன் தொட்டி வேறு கதை.

சமையல் உப்பைக் கரைத்தால் கடல் ஆகிவிடாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்த தனி உப்பு வேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உதவாது, ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அவன் தொட்டி 40 லிட்டர் பிடிக்கும் என்றால் எத்தனை உப்பு? என் பழைய மாணவர்கள் மனக்கணக்கில் சொல்லிவிடுவீர்கள். 1 கிலோ 400 கிராம்.

அடுத்த கணக்குதான் முக்கியம். மூன்று நாளில் 2 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. உப்பு ஆவியாகாது. இப்போது 38 லிட்டரில் அதே 1,400 கிராம், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 37 கிராம். பெரிய தொட்டியில் 2 லிட்டர் போனால் பெரிதாகத் தெரியாது. சின்னத் தொட்டியில் மீனுக்கும் பவளத்துக்கும் அது பெரிய மாற்றம். "சின்னத் தொட்டிதானே, சுலபம்" என்று பலரும் நினைக்கிறார்கள். தொட்டி சின்னதாக ஆக ஆகக் கஷ்டம்தான் கூடும்.

இன்னொன்று, தொட்டி வைத்த அன்றே மீன் விடக்கூடாது. மீனின் கழிவு அமோனியாவாக மாறும், அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கினால்தான் மீன் பிழைக்கும். இந்தப் பாக்டீரியாக்கள் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மணலையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். பத்து நொடி வீடியோவைக்கூட முழுதாகப் பார்க்காத என் பேரன் ஐந்து வாரம் காத்திருந்தான். பிறகு இரண்டு கோமாளி மீன் விட்டான். பண்ணையில் குஞ்சு பொரித்தவை, கடலில் பிடித்தவை அல்ல. நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த மீனைப் பண்ணையில் பொரிக்க வைக்கும் முறையைக் கண்டு எத்தனையோ வருடம் ஆகிறது. கோமாளி மீன் எல்லாம் ஆணாகத்தான் பிறக்கும், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும் என்று அவன் போனில் எனக்குப் பாடம் எடுத்தான். கொடுத்த பணம் வீண் போகவில்லை என்று பூரித்துப் போனேன்.

டிசம்பர் கடைசியில் வீடியோ காலில் தொட்டியைக் காட்டினான். மூலையில் விரல் விரலாகப் பழுப்பு நிறத்தில் ஒன்று. "இது என்னடா?" "பவளம் ஆயா. உயிரோட. வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் தந்தார். ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து வருதாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கல் பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. எடுப்பதும் விற்பதும் மூன்று வருடத்துக்குக் குறையாத சிறைத் தண்டனைக்குரிய குற்றம். போனிலேயே வகுப்பு எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டான்.

"உன் ஷோகேஸ்ல வெள்ளையா ஒண்ணு இருக்கே ஆயா, அது என்ன?"

எனக்குப் பதில் வரவில்லை.

1987-ல் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ராமேஸ்வரம் டூர் போனோம். பாம்பன் சாலைப் பாலம் அப்போது திறக்கவில்லை, ரயிலில்தான் கடல் தாண்டினோம். கோயில் தெருவில் சங்கு, சோழி, வெள்ளைப் பவளம் எல்லாம் குவித்து விற்றார்கள். பேரம் பேசி ஒரு துண்டு வாங்கி வந்து அறிவியல் பீரோவில் வைத்தேன். எந்தத் தட்டில் வைத்தேன் தெரியுமா? கருங்கல், சுண்ணாம்புக்கல், கூழாங்கல் இருந்த தட்டில். பெயரே பவளப்'பாறை' ஆயிற்றே! வருடா வருடம் அதை எடுத்துக் காட்டி, "தொட்டுப் பாருங்கள், இது கடலில் கிடைக்கும் கல்" என்று சொன்னேன். ஓய்வு பெற்றபோது சக ஆசிரியர்கள் நினைவுப் பரிசாக அதையே என் கையில் கொடுத்தார்கள்.

அது கல் அல்ல, செல்வங்களே. அது ஆயிரக்கணக்கான சிறு விலங்குகள் சேர்ந்து கட்டிய வீடு. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலில் உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. பவளத்தின் நிறமும் அந்தப் பாசியால்தான் வருகிறது. தண்ணீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். நான் காட்டிய வெள்ளைத் துண்டு ஒரு எலும்புக்கூடு. தவறாகச் சொல்லிக் கொடுத்ததற்கு உங்கள் எல்லோரிடமும் இன்று மன்னிப்புக் கேட்கிறேன்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள். 1986-ல் அந்தப் பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று அங்கே வெகுகாலம் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அந்தத் தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. அலையைத் தடுத்த சுவரை நாமே பெயர்த்து எடுத்துவிட்டோம்.

சரி, பேரன் தொட்டிக்கு வருகிறேன். பொங்கலுக்கு ஐந்து நாள் லீவு. அறைத் தோழனும் ஊருக்குப் போய்விட்டான். ஆள் இல்லை என்று அந்தப் பகுதிக்கே மெயினை அணைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, விடுதியின் வழக்கம் அது. பம்பு நின்றது, விளக்கு நின்றது. இவன் திரும்பிப் போய்க் கதவைத் திறந்தபோது நாற்றம் தாங்கவில்லையாம். இரண்டு மீனும் மிதந்தன. பவளம் வெள்ளையாக, என் ஷோகேஸில் இருப்பதைப் போலவே. இரவு போன் செய்து அழுதான். பத்தொன்பது வயதுப் பையன் மீனுக்காக அழுவதை நான் கேலி செய்யவில்லை.

இப்போது என் கருத்து. விடுதி அறையில் பவளம் வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஏப்ரல், மே மாத வெயிலில் தண்ணீரைக் குளிர்விக்கத் தனி இயந்திரம் வேண்டும், அது இரவும் பகலும் ஓட வேண்டும். கரண்டும் சாவியும் நம் கையில் இல்லாத இடத்தில் அது நடக்காது. அதோடு கடலிலிருந்து திருட்டுத்தனமாக வருவது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

"கடலே சூடாகிப் பவளம் வெளுக்குது டீச்சர், ஒரு துண்டு எடுத்தா என்ன ஆயிடும்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கடல் சூட்டினால் வரும் சேதம் மிகப் பெரியது. ஆனால் சூட்டில் தப்பிய பவளம்தான் இனி விதை. வறட்சி வருடத்தில் யாராவது விதைநெல்லை எடுத்துச் சமைப்பார்களா?

அதற்காகத் தொட்டியே வைக்காதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காத்திருக்கவும், அளந்து பார்க்கவும், நம்மை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்று உணரவும் அது அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. பண்ணையில் பிறந்த மீன் மட்டும், வார்டனிடம் எழுத்தில் அனுமதி, கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் காற்று பம்பு, லீவில் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். இந்த நான்கும் இருந்தால் மறுபடி பணம் தருகிறேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். நான்கில் ஒன்று குறைந்தாலும் தொட்டி பரணில் கிடக்கட்டும்.

என் ஷோகேஸ் துண்டு? சட்டம் வருவதற்கு முன்பே வாங்கினது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மனம் ஒப்பவில்லை. வருகிற திங்கட்கிழமை வனத்துறை அலுவலகத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, ஒப்படைக்க முடியுமா என்று கேட்கப் போகிறேன். பேரனும் கூட வருகிறான்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு துண்டு இருக்கலாம். இருந்தால், உங்கள் பிள்ளைகளிடம் அதை எடுத்துக் காட்டி, இது கல் இல்லை என்று சொல்லுங்கள். நான் 36 வருடம் சொல்லாமல் விட்டதை நீங்களாவது சொல்லிவிடுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர், பட்டாபிராம்.