கல்விக்கடனும் தறி முன்பணமும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா ஆரணியில ரெண்டே பேச்சுதான். ஒண்ணு கட்-ஆஃப், இன்னொண்ணு கடன். கட்-ஆஃபுக்கு தெருவுக்கு பத்து பேர் ஆலோசனை சொல்லுவாங்க. கடனைப் பத்தி வாயைத் திறக்க ஆள் கிடையாது.

இங்க கூலிக்கு பட்டு நெய்யுற வீடுகளுக்கு கடன் ஒண்ணும் புதுசு இல்லை. முதலாளிகிட்ட முன்பணம் வாங்குவாங்க. அதுக்கு வட்டி கிடையாது, ஆனா அது அடையுற வரைக்கும் வேற முதலாளிகிட்ட தறி ஓட்ட முடியாது. இந்தக் கணக்கு அவங்களுக்கு அத்துப்படி. பேங்க்ல "பையன் படிச்சு முடிச்சு ஒரு வருஷம் வரைக்கும் எதுவும் கட்ட வேண்டாம்"னு சொன்னா, அதையும் முன்பணம் மாதிரியே எடுத்துக்கறாங்க. அங்கதான் வில்லங்கம்.

மாரட்டோரியம்னு சொல்றது தவணைக்குத்தான் லீவு. வட்டிக்கு லீவு கிடையாது. வருஷம் 1 லட்சம் வீதம் நாலு வருஷம் வாங்குறோம்னு வைங்க. கணக்குக்கு சுலபமா 10% தனிவட்டி. முதல் லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி, அடுத்ததுக்கு நாலு, அப்புறம் மூணு, ரெண்டு. கூட்டினா 1,40,000. தவணை ஆரம்பிக்கும்போது கடன் 4 லட்சம் இல்லை, 5,40,000. இதை கையெழுத்து வாங்கும்போதே ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

இதைவிட கொடுமை, அந்த 1,40,000-ஐ அரசே கட்டுற வழி இருக்குங்கிறதே பல வீட்டுக்குத் தெரியாது. 2009-10ல வந்த மத்திய வட்டி மானியத் திட்டம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருக்கணும், தொழிற்படிப்பா இருக்கணும், கல்லூரியும் தகுதி உள்ளதா இருக்கணும். கூலித்தறி வீடுங்க பெரும்பாலும் இந்த வரம்புக்குள்ளதான் வரும். ஆனா வருமானச் சான்று கொடுத்து கேக்கணும். கேக்காதவனுக்கு யாரு தேடி வந்து கொடுப்பாங்க? 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி வேற கதை. தேர்ந்தெடுத்த உயர்தரக் கல்லூரிகளுக்கு மட்டும்தான் அது. 8 லட்சம் வரை வருமானம் உள்ளவங்களுக்கு 3% வட்டிச் சலுகை. ரெண்டையும் போட்டு குழப்பிக்கறாங்க.

முதல் பட்டதாரி சலுகையிலயும் இதே கூத்து. 2010-11ல இருந்து இருக்கு. கவுன்சிலிங்ல சீட் வாங்கினாத்தான் செல்லும். மேனேஜ்மெண்ட் கோட்டாவுல முன்னாடியே 'புக்' பண்ணிட்டு அப்புறம் சான்றிதழோட போய் நின்னா ஒண்ணும் நடக்காது. அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தாலும் கிடையாது. அதுவும் டியூஷன் ஃபீஸுக்குத்தான், ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் இல்லை. இ-சேவை மையத்துல ரிசல்ட்டுக்கு முன்னாடியே விண்ணப்பிச்சு வெச்சுட்டா அந்த கடைசி நேர ஓட்டம் மிச்சம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பேங்க் கிளையில, 3 லட்சம் கேட்ட நெசவாளர்கிட்ட "வீட்டுப் பத்திரம் இருக்கா?"ன்னு கேட்டாங்க. அவரு பேசாம திரும்பிட்டார். 4 லட்சம் வரைக்கும் கல்விக்கடனுக்கு பிணை கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு. விண்ணப்பத்தை நிராகரிக்கணும்னா காரணத்தோட சொல்லணும். வாயால "இல்லை"ன்னா அது நிராகரிப்பே கிடையாது, விரட்டி விடுறது. அதனாலதான் ஆன்லைன்ல பதிவு பண்ணிட்டு, அந்த எண்ணோட கிளைக்குப் போங்கன்னு சொல்றேன். எண் இருந்தா வாயால விரட்ட முடியாது பாருங்க.

கூட கையெழுத்து போடுற அப்பாவும் கடனாளிதான். இதையும் யாரும் சொல்றதில்லை. பையன் கட்டலைன்னா அவர் பேரும் சிபில்ல கெடும், அப்புறம் தறி வாங்க லோன் கேட்டா அங்கயும் இடிக்கும்.

இதையெல்லாம் பிளஸ் டூ வகுப்புல ஒரு பீரியட் தமிழ்ல சொல்லிக் கொடுத்தா போதும். கட்-ஆஃப் கணக்கு போடத் தெரிஞ்ச பையனுக்கு தனிவட்டி கணக்கு வராதா என்ன? ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி சொல்லணும், அவ்வளவுதான். ரிசல்ட் வந்த மறுநாளே சீட் புரோக்கர் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான்.