நூறு மடங்குக் கணக்கு

"கர்த்தருக்காக இழந்தால் இம்மையிலேயே நூறு மடங்கு வரும், வரவில்லையென்றால் விசுவாசம் குறைவு" என்கிறார்கள் மேடைப் பிரசங்கிகள். இதில் எனக்கு மூன்று ஆட்சேபங்கள்.

முதலில், ஓர் உண்மைக் கதையைப் பாருங்கள். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். அரண்மனை உத்தியோகம் போயிற்று. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். இவருக்கு எத்தனை படி விசுவாசம் குறைந்தது?

2022இல் புனிதர் பட்டம் கிடைத்ததே என்பீர்கள். 270 வருடம் கழித்து! மனைவி ஞானப்பூ அம்மாளுக்கு அதனால் ஒரு நேரக் கஞ்சி வந்ததா?

இரண்டாவது, நூறு மடங்கு பேசும் மாற்கு 10ஆம் அதிகார வசனமே துன்புறுத்தலையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மேடையில் அந்தப் பாதியை விழுங்குவது ஏன்?

மூன்றாவது, லாபம் உறுதி என்று தெரிந்தே போடும் காசுக்குச் சீட்டுப் பணம் என்று பெயர். அதில் கடவுளை நம்ப வேண்டிய இடம் எங்கே?