ஊசல் அறிக்கைகளில் 9.81

இயற்பியல் ஆய்வக அறிக்கைகளின் முதன்மையான குறை, மாணவர் அளந்ததை எழுதாமல், அளந்திருக்க வேண்டும் என்று தாம் கருதுவதை எழுதுவதாகும். தனி ஊசலைக் கொண்டு ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் எளிய சோதனையிலேயே இது வெளிப்பட்டுவிடுகிறது. ஏறத்தாழ 17.5 பாகை வட அகலாங்கில், கடல் மட்டத்திற்கு 500 மீட்டருக்கும் மேலே அமைந்த ஹைதராபாத்தின் அல்வாலில் அம்முடுக்கம் 9.78 மீ/வி² அளவிலேயே இருக்கும். அங்குள்ள ஒரு ரெக்கார்டு நோட்டில் முடிவு 9.81 என்று இருந்தால், அது நடு அகலாங்குகளுக்குரிய மதிப்பேயன்றி அவ்வூரின் மதிப்பன்று.

எனினும், அந்த எண்ணைத் தவறு என்று அடிப்பதும் பொருந்தாது. ஒரு மீட்டர் நீள ஊசல் 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 40 வினாடி எடுத்துக்கொள்ளும், 9.78-க்கும் 9.81-க்கும் உள்ள வேறுபாடு அந்த 40 வினாடியில் 0.06 வினாடியாக மட்டுமே தென்படும். நிறுத்துக் கடிகாரத்தை இயக்கும் கையின் தாமதமோ 0.2 வினாடி வரை செல்லக்கூடும். சூத்திரத்தில் அலைவுக் காலம் இருபடியாக வருவதால் அதன் 0.5 விழுக்காட்டுப் பிழை முடிவில் 1 விழுக்காடாகிறது. ஆகவே இந்த அளவீடு தாங்கக்கூடிய முடிவு 9.8 ± 0.1 என்பதுதான். இவ்வாறு முடிவோடு சேர்த்துத் தரப்படும் ஐயப்பாட்டு எல்லையையே அளவீட்டின் நிச்சயமின்மை என்கிறோம். அதைக் குறிப்பிடாமல், கணிப்பான் காட்டிய ஏழு இலக்கங்களையும் படியெடுப்பது துல்லியத்தின் தோற்றத்தை மட்டுமே தருகிறது.

அலைவுகளை 100 ஆக உயர்த்தினால் கால அளவீட்டின் பங்கு 0.02 ஆகச் சுருங்கி, அல்வாலின் மதிப்பைப் பாடநூல் மதிப்பிலிருந்து ஓரளவு பிரித்தறிய வழி பிறக்கும். அப்போது, 'வீச்சு சிறியதாக இருத்தல் வேண்டும்' என்று ஆண்டுதோறும் மனப்பாடமாக எழுதப்படும் முன்னெச்சரிக்கைக்கும் ஓர் எண் கிடைக்கிறது: வீச்சு 10 பாகையாக நீடித்தால் முடிவு ஏறத்தாழ 0.04 குறைந்து காட்டும். இத்தகைய கணக்கு ஒன்றும் இல்லாமல் 'மனிதப் பிழை' என்று முடித்துக்கொள்ளும் வரி எதையும் விளக்குவதில்லை. அதற்கு மதிப்பெண் வழங்கும் வழக்கமும் வியப்புக்குரியதே.

இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவீட்டிற்காக 1865 முதல் ஊசல் ஆய்வுகளை நடத்தி, 1871-இல் லடாக்கில் அப்பணியின்போதே உயிரிழந்த கேப்டன் பஸேவியின் ஆய்வுகளில், வெப்பநிலை, வீச்சு, காற்றின் விளைவு ஆகியவற்றுக்கான திருத்தங்கள் தனித்தனியே கணக்கிடப்பட்டன. பள்ளி ஆய்வகம் அந்த நுட்பத்தை எட்ட வேண்டியதில்லை; ஆனால் எந்தத் திருத்தம் பெரிது, எது புறக்கணிக்கத்தக்கது என்று கேட்கும் பழக்கம் அங்கும் இயலும்.

குறையின் ஒரு பங்கு மதிப்பிடுவோரையும் சாரும். முடிவு பாடநூலை நெருங்குவதற்கேற்ப மதிப்பெண் ஏறுமானால், விலகி நிற்கும் அளவீட்டை அழித்துவிட்டுத் தெளிபடி எழுதுவதையே மாணவர் கற்றுக்கொள்வார். சோதனை நடந்த அன்றே ஆசிரியர் கையொப்பமிட்ட மூல அளவீட்டுத் தாளை, அடித்தல் திருத்தல்களுடனேயே நோட்டில் ஒட்டச் செய்து, முடிவுக்கு வழங்கும் மதிப்பெண்ணின் பாதியையேனும் நிச்சயமின்மைக் கணக்கிற்கு மாற்றுவது, புதிய கருவி எதுவும் வாங்காமல் வரும் பருவத்திலேயே செய்யத்தக்கதாகும்.