ஆயில் மாத்த 17 லட்சமா? ஸ்பேனரைக் கையில் எடுக்கும் சூப்பர் கார் ஓனர்கள்!

உங்க வண்டிக்கு ஆயில் மாத்த எவ்ளோ ஆகும்? பைக்னா சில நூறு ரூபாய், கார்னா சில ஆயிரம் ரூபாய். புகாட்டி வேரான் வச்சிருக்கிறவருக்கு? அமெரிக்க ஊடகங்களில் திரும்பத் திரும்ப அடிபடும் தொகை, சுமார் 21,000 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் 17 லட்சம் ரூபாய்க்கும் மேல். அந்தக் காசுக்கு இங்கே ஒரு புது எஸ்.யூ.வியே வாங்கிடலாம்.

சில வருடங்களுக்கு முன் லாஸ் வேகாஸில் சூப்பர் கார்களை வாடகைக்கு விடும் 'ராயல்ட்டி எக்ஸாட்டிக் கார்ஸ்' நிறுவனத்தினர், "இந்த வேலையை நாமே செஞ்சா என்ன?" என்று இறங்கினார்கள். தங்களுடைய வேரானின் பின்பக்கத்தைப் பிரித்து, ஆயிலை இறக்கி, எல்லாவற்றையும் யூடியூப் வீடியோவாகவும் போட்டார்கள். இன்று ஃபெராரி, லம்போர்கினி, போர்ஷே என எந்த காரின் பெயரைப் போட்டுத் தேடினாலும், யாராவது ஒருவர் வீட்டு கராஜில் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு ஆயில் மாற்றும் வீடியோ வந்து நிற்கிறது.

கோடீஸ்வரர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போகலாம்தான். ஆனா, காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அது நம்ம வண்டிக்கும் பொருந்தும்.

பில்லில் ஆயிலின் பங்கு எவ்வளவு?

சாதாரண காரில் வேலை சிம்பிள். இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, கீழே இருக்கும் ட்ரெய்ன் நட்டைக் கழற்றினால் பழைய ஆயில் இறங்கிவிடும். ஃபில்டரை மாற்றி, புது வாஷர் போட்டு நட்டை இறுக்கி, புது ஆயில் ஊற்றி, டிப் ஸ்டிக்கில் அளவு பார்த்தால் முடிந்தது.

வேரான் கதை வேற. 8 லிட்டர், 16 சிலிண்டர், 4 டர்போ, 10 ரேடியேட்டர், 1,001 குதிரைத்திறன். 400 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும் இந்தக் காரில் ஆயிலை முழுசாக இறக்க ஒரு நட்டு போதாது, 16 நட்டுகளைக் கழற்ற வேண்டும். அவற்றையும் ஃபில்டரையும் தொட வேண்டுமென்றால் முதலில் பாடி பேனல்களையும் அடித்தட்டுகளையும் பிரிக்க வேண்டும். ஆக, அந்தப் பெரிய பில்லில் ஆயிலின் விலை சின்னப் பகுதிதான். மீதியெல்லாம் பிரித்து மாட்டும் நேரத்துக்கான கூலி. மொத்தமே 450 வேரான்கள்தான் தயாரிக்கப்பட்டன. அதைத் தொடப் பயிற்சி பெற்ற கைகள் உலகத்திலேயே குறைவு. ஆள் குறைந்தால் கூலி ஏறும். அவ்ளோதான் கணக்கு.

ஏன் இவ்வளவு சிக்கல்?

வேண்டுமென்றே கஷ்டப்படுத்துகிறார்களா என்றால், முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. இன்ஜினியரிங் காரணம் உண்மையிலேயே இருக்கிறது.

நம்ம கார்களில் இன்ஜினுக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கும், ஆயில் அதில்தான் தேங்கி நிற்கும். ரேஸ் வேகத்தில் ஒரு வளைவில் திரும்பினால், தட்டில் இருக்கும் ரசம் ஒரு பக்கமாக ஒதுங்குவதுபோல ஆயிலும் ஒதுங்கிவிடும். பம்ப் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். சில நொடிகள் போதும், பேரிங் காலி. அதனால்தான் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் 'டிரை சம்ப்' முறை. ஆயிலைத் தனி டேங்கில் வைத்து, ஒரு பம்ப் அதை இன்ஜினுக்கு அனுப்பும். கீழே இறங்கும் ஆயிலை வேறு பம்புகள் திரும்ப டேங்குக்கு இழுக்கும். இதனால் ஆயில் ஒரே இடத்தில் இருக்காது. டேங்கில் கொஞ்சம், இன்ஜினில் கொஞ்சம், கூலரிலும் குழாய்களிலும் கொஞ்சம் என்று பிரிந்து கிடக்கும்.

அளவு பார்ப்பதும் தலைகீழ். பல டிரை சம்ப் கார்களில் இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஐடிலில் ஓடும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். வண்டி ராத்திரி முழுக்க நின்றால் டேங்கில் உள்ள ஆயில் மெல்ல இன்ஜினுக்குள் இறங்கியிருக்கும். காலையில் டிப் ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு "அய்யோ, ஆயில் கம்மியா இருக்கே" என்று ஊற்றினால், அளவு மீறிப்போய், பிறகு புகை தள்ளும்.

இதுபோக, காற்று வழுக்கிப் போவதற்காக அடிப்பாகம் முழுக்கத் தட்டையான பேனல்கள், அவற்றைப் பிடித்திருக்கும் ஏகப்பட்ட ஸ்க்ரூக்கள். கார் தரையோடு ஒட்டியிருப்பதால் சாதாரண ஜாக்கி உள்ளேயே போகாது. முதலில் பலகைமேல் ஏற்றித்தான் இடம் உண்டாக்க வேண்டும். ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்தால் கார்பன் ஃபைபர் விரிசல் விடும். அலுமினியத்தில் நட்டை ஓவராக இறுக்கினால் மரை போய்விடும். ஆயில் மாற்ற ஆரம்பித்து இன்ஜின் வேலையில் போய் நிற்கும்.

எல்லா ஸ்போர்ட்ஸ் காரும் இப்படி இல்லை. போர்ஷே 911-ல் இன்ஜின் பின்னாடி இருந்தாலும், கீழிருந்து ஆயில் இறக்குவது ஒப்பீட்டளவில் சுலபம். வீட்டிலேயே ஆயில் மாற்றும் 911 ஓனர்கள் பல வருடங்களாகவே இருக்கிறார்கள்.

பணக்காரனுக்கு எதுக்கு இந்த வேலை?

நியாயமான கேள்வி. புத்தம் புது ஃபெராரி வாங்குபவர் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. காரணம், ஃபெராரி தன் புது கார்களுக்கு 7 வருட பராமரிப்பை காரோடு சேர்த்தே தருகிறது. அந்தக் காலத்தில் ஷெட்யூல் ஆயில் மாற்றத்துக்குத் தனி பில் வராது. கையில் கிரீஸ் படாமலேயே வேலை முடியும்.

ஸ்பேனரை எடுப்பவர் அவருக்கு அப்புறம் வருபவர். அமெரிக்காவில் பழைய ஃபெராரி 360, லம்போர்கினி கயார்டோ போன்ற கார்களை இரண்டாவது, மூன்றாவது கை மாறி வாங்கியவர். பல வருடம் காசு சேர்த்து, சின்ன வயசுக் கனவை வாங்கியிருப்பார். அவருக்கு அப்புறம்தான் ஓர் உண்மை உறைக்கிறது. காரின் விலை வருடா வருடம் இறங்கலாம், ஆனா சர்வீஸ் பில் இறங்காது. 90-களில் வந்த ஃபெராரி எஃப்355-ல் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும். கார் எத்தனை கை மாறினாலும், என்ன விலைக்கு வாங்கப்பட்டாலும், அந்த வேலையின் அளவு அதேதான்.

கராஜில் படுப்பவர்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். லம்போர்கினியும் ஆடியும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பிள்ளைகள். 5.2 லிட்டர் வி10 இன்ஜின் கயார்டோவிலும் உண்டு, ஆடி ஆர்8-லும் உண்டு. பெட்டிமேல் காளை இருந்தால் ஒரு விலை, நாலு வளையம் இருந்தால் வேறு விலை என்பது காரைத் திறந்து பார்த்தவருக்குத்தான் புரியும். கம்பெனி சொல்லும் விலையை அப்படியே நம்பாமல் இருக்க, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த வீடியோக்களின் நிஜமான பயன் அதுதான்.

ஒரு முத்திரையின் விலை

அப்போ எல்லோரும் ஏன் செய்வதில்லை? கைத்திறன் இல்லாதது மட்டும் காரணம் இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் விழும் அந்த ஒரு முத்திரைதான் பெரிய காரணம். இந்த வகை கார்களை வாங்குபவர் முதலில் கேட்பதே சர்வீஸ் ஹிஸ்டரியைத்தான். டீலர் முத்திரை இல்லாத ஒரு வருடம் இருந்தால், விற்கும்போது பேரம் அங்கேதான் ஆரம்பிக்கும். ஆயில் மாற்றத்தில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக விற்பனையில் இழக்க நேரிடலாம். அதனால், வீட்டில் செய்பவர்களில் கவனமானவர்கள் ஆயில், ஃபில்டர் ரசீதுகளையும் ஓடிய கிலோமீட்டரையும் வேலை நடந்த போட்டோக்களையும் ஃபைல் போட்டு வைக்கிறார்கள்.

வாரன்டி விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் தெளிவு. 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரன்டி சட்டப்படி, "எங்க பிராண்டு பாகம்தான் போடணும், எங்ககிட்டதான் சர்வீஸ் விடணும், இல்லைன்னா வாரன்டி கிடையாது" என்று ஒரு நிறுவனம் பொதுவாக நிபந்தனை போட முடியாது. அவற்றை இலவசமாகத் தந்தால் மட்டும் விஷயம் வேறு. கிட்டத்தட்ட 50 வருடச் சட்டம்தான், ஆனாலும் மீறல் நின்றபாடில்லை. வெளிப் பாகம் போட்டால் வாரன்டி போய்விடும் என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னதற்காக ஹார்லி-டேவிட்சன் மீது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2022-ல் நடவடிக்கை எடுத்தது.

நட்டிலிருந்து சாஃப்ட்வேருக்கு மாறிய பூட்டு

நட்டு எத்தனை இருந்தாலும் பொறுமை இருந்தால் கழற்றிவிடலாம். சாஃப்ட்வேர் பூட்டை ஸ்பேனரால் கழற்ற முடியாது.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 90-களில் மொத்தமே 106 தயாரிக்கப்பட்ட மெக்லாரன் எஃப்1 காரோடு பேச, அந்தக் காலத்து காம்பேக் லேப்டாப் ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்த மாடலை மெக்லாரன் இருபது வருடம் கழித்தும் பாதுகாத்து வைத்திருந்த செய்தி 2016-ல் வெளியானபோது பலரும் சிரித்தார்கள். இன்று அதே நிலைமை சாதாரண கார்களுக்கும் வந்துவிட்டது. பல புது கார்களில் டிப் ஸ்டிக்கே கிடையாது, ஆயில் அளவை டிஸ்ப்ளேதான் சொல்ல வேண்டும். கோளாறு என்ன என்று படிக்கத் தனிக் கருவி வேண்டும். கார் தன் தகவலை நேராக கம்பெனிக்கே வயர்லெஸ்ஸில் அனுப்புகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாண மக்கள் 2012-ல் இதற்கு எதிராக வாக்களித்தார்கள். டீலருக்குக் கிடைக்கும் பழுதுபார்க்கும் தகவல், வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்றார்கள். 2020-ல் மறுபடி ஒரு வாக்கெடுப்பு, இந்த முறை வயர்லெஸ் தகவலுக்காக. சுமார் 75 சதவிகிதம் பேர் ஆதரவு. கார் நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஜனவரியில் டிராக்டர் நிறுவனமான ஜான் டியர் மீது ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்கு போட்டதும் இதே பிரச்னைக்குத்தான். சூப்பர் கார் ஓனரும் விவசாயியும் ஒரே வரிசையில் நிற்பது இந்த ஒரு விஷயத்தில்தான்!

சரி, நமக்கு என்ன?

இந்தியாவில் இந்தச் சண்டை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம், மாருதி, டாடா, மஹிந்திரா, பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் உள்ளிட்ட 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் கோளாறு பார்க்கும் கருவிகளையும் வெளி வொர்க்‌ஷாப்களுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே சர்வீஸ் விட்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் சேதம் வந்தால் மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. கார், பைக்கும் அதில் அடக்கம்.

நீங்களே செய்து பார்க்க ஆசையா? தாராளமாக, உங்க பைக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால் முதலில் வாரன்டி புத்தகத்தைப் படியுங்கள். மேனுவலில் போட்டிருக்கும் கிரேடு, அளவைத் தாண்ட வேண்டாம். வாஷரைப் புதுசாகப் போடுங்கள், நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். கார் என்றால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு கேலன் பழைய ஆயில் 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

செய்ய விருப்பமில்லையா? அதுவும் தப்பில்லை. நேரமும் இடமும் கருவியும் எல்லோரிடமும் இருக்காது. ஆனா, நம்ம தெரு மெக்கானிக் அண்ணனிடம் விடுவதா, கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடுவதா என்ற முடிவு நம்மிடம் இருக்க வேண்டும். கோளாறு பார்க்கும் கருவியும் உதிரிபாகமும் அந்த அண்ணனுக்கும் கிடைத்தால்தான் அது நிஜமான முடிவு. அடுத்த வண்டி புக் பண்ணும்போது மைலேஜ், சன்ரூஃப் பற்றி விசாரிப்பதோடு, "வெளியில சர்வீஸ் பண்ணா வாரன்டி என்ன ஆகும்?" என்றும் ஷோரூமில் கேளுங்கள். பதிலை வாயால் வாங்காமல், எழுத்தில் வாங்குங்கள்.