முகத் தழும்பும் அத்தையின் கவலையும்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் சாலை பிரியும் இடத்தில் நின்று பாருங்கள். லாரிகளுக்கு நடுவே பள்ளிக்கூடப் பெண்கள் சைக்கிளில் போவதைக் கண்டால் நமக்குத்தான் நெஞ்சு படபடக்கும். சரளையில் சறுக்கினால் முகத்தில் அடி!

ரத்தத்தைக் கண்டதும் காப்பிப் பொடியைத் தேடி ஓடாதீர்கள், அம்மா. ரணத்தில் தங்கும் தார்த் துகளே தோலுக்கடியில் நீலப் புள்ளியாக நின்றுவிடும். பொடி வேறு சேர்க்க வேண்டுமா? தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, செங்கற்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2021-இல் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். முளைத்து நிலைத்த பல் விழுந்திருந்தால் பாலில் போட்டு உடனே எடுத்துப் போங்கள். திரும்பப் பொருத்த வழியுண்டு.

முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம். ஆகவே காயம் சீக்கிரம் ஆறும். ஐந்தாறு நாளில் தையலைப் பிரித்து விடுவார்கள். சோதனை அதற்கப்புறம்தான். சில மாதங்கள் தழும்பு சிவந்து தடித்திருக்கும். “ஐயோ, இவளை யார் கட்டிக்கொள்வார்?” என்று அத்தை அங்கலாய்ப்பது அப்போதுதான். பெண்ணின் காதில் விழும்படியாக!

தழும்பு அடங்க ஓராண்டோ அதற்கு மேலுமோ ஆகும். அதுவரை அதைத் திருத்த டாக்டர்களே பெரும்பாலும் அவசரப்படுவதில்லை. வெயில் பட்டால் கறுக்கும், தொப்பி போடட்டும். கண்ணாடியை ஒளிக்காதீர்கள், சைக்கிளை விற்காதீர்கள். அத்தை வந்தால் இந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்து விடுங்கள்.