மதர்போர்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்

பிராசஸரை அதற்குரிய வேகத்தைவிடக் கூட்டி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ-யை, பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றியே 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். இப்போது அதற்கு மதர்போர்டின் சிப்செட் இடம் கொடுக்க வேண்டும். இன்டெல்லில் 'கே' பிராசஸர், 'இசட்' சிப்செட் இரண்டும் தேவை. சிறிய பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகாது.

ஏஎம்டி ரைசன் 5 5600 வாங்குபவர்கள் விலையைப் பார்த்து ஏ520 போர்டு எடுத்துவிடுகிறார்கள். அதில் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய முடியாது! பி450, பி550 போர்டுகளில் முடியும். பி450 என்றால் பயாஸை அப்டேட் செய்து தரும்படி கடையிலேயே கேளுங்கள்.

பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் வி.ஆர்.எம். பகுதியின்மேல் ஹீட்சிங்க் இருக்கிறதா என்றும் பாருங்கள். கலர் விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம் என்பேன். குன்னம் பக்கம் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும்; கேபினட்டுக்குள் இன்னும் சூடு. 100, 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஓவர்கிளாக்கால் பழுதானால் வாரண்டியும் கிடைக்காது. மார்கழியில் ஒழுங்காக ஓடிய செட்டிங் சித்திரையில் ஹேங் ஆகலாம். சோதனையைக் கோடை மதியத்தில் செய்யுங்கள்.