புற்றுமண்ணும் தொண்டைக் கருவியும்

சங்கரன்கோவில் புற்றுமண்ணின் மகிமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆடித் தபசுக்கு வருகின்ற ஜனங்கள் அதை நெற்றியில் பூசுவதும், நோய்க்கு மருந்தென்று உட்கொள்வதும் ஊரறிந்த சங்கதி. உடம்பு நன்றாயிருக்கிறவன் மண்ணைத் தின்றால் அது அவன் இஷ்டம். பக்கவாதத்தில் விழுந்தவன் வாயில் பிறர் அதைக் கரைத்து ஊற்றுவதைப் பற்றியே இன்று எழுதுகின்றோம்.

பக்கவாதமென்பது மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவதோ வெடிப்பதோ ஆகும். கிரகமுமல்ல, நாக தோஷமுமல்ல. கை கால் விழுந்தது கண்ணுக்குத் தெரிகின்றது. தொண்டை விழுந்தது தெரிவதில்லை. விழுங்கும்போது குரல்வளை மேலெழும்பி மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். மூளை கெட்டால் அந்த மூடுதலும் கெடுகின்றது. பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆரம்பத்தில் இக்கோளாறு உண்டு. அப்போது ஊற்றுகிற தீர்த்தமோ, காப்பியோ, கஞ்சியோ நுரையீரலுக்குள் போகும். சிலருக்கு இருமல்கூட வராது. பிறகு காய்ச்சல் கண்டு, நிமோனியாவில் ஆள் போனால், "விதி முடிந்தது" என்பார்கள். விதியா முடித்தது? ஒரு கரண்டித் தண்ணீரல்லவா முடித்தது!

அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஜான் ரோஜர்ஸும் அவர் கூட்டத்தாரும், சிகாகோ நகரத்து மறுவாழ்வு ஆஸ்பத்திரி ஒன்றோடு சேர்ந்து, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கருவியொன்றை 2018-ல் வெளியிட்டார்கள். பிளாஸ்திரி போல் வளையும். விழுங்கும்போதும் பேசும்போதும் தோலில் உண்டாகும் அதிர்வை அளந்து கம்பியில்லாமல் அனுப்பும். நோயாளி வீடு திரும்பிய பின்னும் வைத்தியர் கவனிக்கலாம். நம்மவர்களும் கழுத்தில் தாயத்துக் கட்டுகிறார்கள். எந்தத் தாயத்தாவது கட்டியவன் எத்தனை தடவை விழுங்கினானென்று சொன்னதுண்டா?

கருவியையும் கும்பிடச் சொல்லவில்லை. அது வரும்வரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. பழகிய நர்ஸ் ஒருவர் நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, அளந்த தண்ணீரைச் சிறிது சிறிதாய்க் கொடுத்து, இருமுகிறாரா, குரல் கரகரக்கிறதா என்று பார்ப்பதே முதற் சோதனை. சந்தேகமிருந்தால் எக்ஸ்ரே படம். முதற் சோதனைக்கு வேண்டிய சாமான் ஒரு டம்ளர் தண்ணீர்தான்! சங்கரன்கோவில் முதலாக ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இது தெரிந்தவர் இரவும் பகலும் இருக்க வேண்டுமென்று சர்க்காரைக் கேட்கின்றோம்.

தோழர்களே! வாய் கோணி, கை துவண்டு, பேச்சுக் குளறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். சோதனை முடியுமட்டும் புற்றுமண்ணோ, சோடாவோ, மாத்திரையோ வாயில் போடாதீர்கள். பாட்டி பாலாடையோடு வந்து சண்டை பிடித்தாலும் விடாதீர்கள்.